ஐந்து கைகளும் ஒரு படிவமும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல மரங்கள். இடையிடையே கரிசல் நிலத்தில் பருத்தி, மிளகாய், மல்லி. மழை ஏமாற்றாத ஆண்டுகளில் கம்பும் சோளமும். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றால் கபடி, அதற்கடுத்து வாலிபால். இரண்டு கம்பும் ஒரு வலையும் கிடைத்தால் வறண்ட கண்மாய்க்குள்ளேயே வாலிபால் ஆடிவிடலாம். கூடைப்பந்து அப்படிப்பட்டதன்று. அதற்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கெட்டியான தளம் வேண்டும். கரிசல் மண்ணோ ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பிளக்கும் குணமுடையது. அதன்மேல் போட்ட சிமெண்டுத் தளம் சில ஆண்டுகளிலேயே வாய்பிளந்துவிடும். எங்கள் கல்லூரித் தளத்திலும் நடுவட்டத்தை அறுத்துக்கொண்டு ஒரு நீண்ட விரிசல் ஓடியது. பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவன் அந்த விரிசலை நினைவில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

கூடைப்பந்து எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்த வழி நீண்டது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஆடுவதற்கென்று 13 விதிகளோடு இந்த ஆட்டத்தை உருவாக்கினார். 1920இல் ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் பி.டி. மாஸ்டர்களாகத் தமிழகத்துப் பள்ளிகளுக்குப் பரவினார்கள். பனிக்குப் பயந்து பிறந்த ஆட்டம், வெயில் 40 பாகையைத் தொடும் எங்கள் சீமையில் காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் மட்டுமே ஆடக்கூடியதாயிற்று. நடுப்பகலில் அந்தச் சிமெண்டில் வெறுங்காலை வைக்க முடியாது.

நாங்கள் பன்னிரண்டு பேர். பாதிப்பேர் அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பந்தல்குடி, காரியாபட்டி, திருச்சுழி, நரிக்குடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பேருந்தில் வருபவர்கள். விருதுநகர் - மானாமதுரை மீட்டர் கேஜ் ரயில் அப்போது எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடியது என்றாலும், பயிற்சி நேரத்துக்கும் அதற்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. காலைப் பயிற்சிக்கு முதல் பேருந்தைப் பிடிப்பவர்கள், மல்லிகை அரும்பு பறிக்கச் செல்லும் பெண்களோடு சேர்ந்து வந்து இறங்குவார்கள்.

எங்களுக்கு முதலில் வாய்த்த பி.டி. சார் ஓய்வுபெறும் வயதில் இருந்தார். அவருடைய ஆட்டமுறை எளிமையானது. எங்களுள் ஒருவன் மற்றவர்களைவிட அரையடி உயரம். தறிக்குழியில் உட்கார்ந்து அப்பாவுக்கு உதவிவிட்டு ஆடவருவான். அவனைக் கூடைக்கருகே நிறுத்தவேண்டும், பந்தை எப்படியாவது அவன் கையில் சேர்க்கவேண்டும், பிறகு ஒதுங்கிக்கொள்ளவேண்டும். "குடுத்துட்டு வேடிக்கை பாருங்கடா" என்பார் சார். நாங்களும் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தோம். அணி நாற்பது புள்ளி எடுத்தால் அதில் இருபத்தைந்து அவனுடையதாக இருக்கும். விருதுநகரில் ஓர் ஆட்டத்தை வென்றுவிட்டு எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடப் போனபோது, கடைக்காரர் அவனுக்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டார். அதில் எங்களில் யாருக்கும் வருத்தமில்லை. அவன் எங்கள் அணியின் வீரன் என்பதைவிட, நாங்கள் அவனுடைய அணி என்று சொல்வதே அன்றைக்குப் பொருத்தம்.

இந்த முறையைப் பழசு என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய விதிகளுக்கு அது பொருந்தியது. பந்து கைக்கு வந்ததிலிருந்து 30 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தால் போதும். நடுக்கோட்டைத் தாண்ட 10 விநாடி. நிதானமாக நடந்துவந்து, உயரமானவன் தன் இடத்தைப் பிடிக்கும்வரை காத்திருக்க நேரமிருந்தது. 2000ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா இவற்றையெல்லாம் மாற்றியது. 30 விநாடி 24 ஆயிற்று. 10 விநாடி 8 ஆயிற்று. 20 நிமிடப் பாதிகள் இரண்டு என்றிருந்தது 10 நிமிடக் கால்கள் நான்கு என்றாயிற்று. காகிதத்தில் சிறிய மாற்றங்கள்தாம். எங்கள் ஆட்டம் நின்றுகொண்டிருந்த இடமோ சரியாக அந்த ஆறு விநாடிகளின்மேல்தான்.

*

2001 ஜூனில் புதிய பயிற்சியாளர் வந்தார். பாட்டியாலாவில் பயிற்சியாளர் பட்டயம் முடித்த இளைஞர், தற்காலிகப் பணி, சம்பளமும் சொற்பம் என்று கேள்வி. முதல்நாள் தளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விரிசலருகே குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "தரைய நம்பி ஆடாதீங்க தம்பி. கைய நம்பி ஆடுங்க" என்றார். அவருடைய மொத்தப் பாடமும் அந்த வாக்கியத்தில் இருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் கூடையைப் பார்ப்பதற்கே தடை. பந்தைத் தரையில் தட்டக்கூடாது. பிடித்த இடத்தில் நின்று அடுத்தவனுக்கு எறியவேண்டும். எறிந்தவன் நிற்காமல் வேறிடத்துக்கு ஓடவேண்டும். மூன்றாம் வாரம் கூடை அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஐவர் கையும் படாமல் எறியக்கூடாது. ஒருவன் கோட்டுக்கு வெளியே நின்று விநாடிகளை உரக்க எண்ணுவான். இருபத்து நான்கு என்றதும் விசில். அநேகமாக மூன்றாவது கையிலேயே விசில் வந்துவிடும்.

இது அவர் கண்டுபிடித்த வித்தையன்று என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டோம். நெய்ஸ்மித்தின் மூல விதிகளின்படி பந்தோடு ஓடக்கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும். பந்தைத் தட்டிச்செல்லும் டிரிபிள் அந்த 13 விதிகளில் இல்லவே இல்லை. அது பிறகு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம். ஆக, எங்கள் விரிசல் விழுந்த தளத்தில் அந்த இளைஞர் செய்தது, ஆட்டத்தை அதன் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றதுதான்.

பிறந்த வீடு அவ்வளவு சுகமாக இல்லை. முந்தைய ஆண்டு எளிதில் தோற்கடித்த அணிகளிடமெல்லாம் அந்த ஆண்டு தோற்றோம். பந்து கைமாறும் வேகத்துக்குக் கண் பழகவில்லை. யாருக்கும் எதிர்பாராத நேரத்தில் பந்து வந்து நெஞ்சில் மோதியது. விடுதி மாணவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்கள். "இது பந்து இல்லப்பா, பந்தி. கல்யாண வீட்டுல பரிமாறுற மாதிரி ஆளாளுக்குப் பரிமாறுறாய்ங்க" என்று ஒருவன் சொல்ல, அந்தப் பெயரே எங்களுக்கு நிலைத்தது. பந்தி அணி.

பயிற்சியாளர் தோல்விகளைப் பற்றிப் பேசியதேயில்லை. ஆட்டம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ கணக்கு எழுதுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தோம். ஒவ்வொருவர் எண்ணுக்கும் நேரே குச்சிக்கோடுகள். கூடை விழுவதற்கு முன் கடைசியாகப் பந்தைக் கொடுத்தவன் யார் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கின் அருமை விளங்க, கூடைப்பந்தின் அதிகாரபூர்வப் புள்ளித்தாளைப் பார்த்திருக்க வேண்டும். கூடை விழுந்தால் போட்டவனுடைய எண்ணை எழுதுவார்கள். ஃபவுல் செய்தால் செய்தவனுடைய பெயருக்கு நேரே குறிப்பார்கள். பந்தைக் கொடுத்தவனுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. போட்டவனும் தவறு செய்தவனும் மட்டுமே காகிதத்தில் வாழ்வார்கள். கொடுத்தவன் ஆட்டம் முடிந்ததும் மறைந்துபோவான். பெரிய போட்டிகளில் இதற்கெனத் தனிப் புள்ளிவிவரக்காரர்கள் உண்டு. எங்கள் கல்லூரிப் போட்டிகளில் மேசைக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒரு ஸ்டாப்வாட்சும் இருந்தாலே பெரிது.

அக்டோபரில் முதல் மழை விழுந்து, தளம் கழுவிவிட்டதுபோல் கிடந்த ஒரு காலையில் ஏதோ கூடிவந்தது. விநாடி எண்ணியவன் பதினாறு என்று சொல்லும்போது பந்து ஐந்தாவது கையைக் கடந்து கூடைக்குள் விழுந்தது. மறுமுறை பதினைந்து. அன்று யாரும் கத்தவில்லை. உயரமானவன்தான் முதலில் பேசினான். "நாடா ஒரு பக்கமே நின்னா துணி ஏதுடா" என்றான், தறிக்காரன் பாஷையில்.

எங்களில் அதிகம் மாறியவன் திருச்சுழிப் பக்கத்துப் பையன். குள்ளம், புன்செய்க்காட்டுக் குடும்பம், பழைய முறையில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவன். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டவேண்டிய புதிய ஆட்டத்தில் அவனில்லாமல் அணி நகர முடியாது என்றாயிற்று. யார் எங்கே ஓடப்போகிறான் என்பது ஓடுகிறவனுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் வாய் திறக்காதவன், தளத்தில் எங்களை அதட்டத் தொடங்கினான். பந்து ஒருவனிடமே இருக்கும் ஆட்டத்தில் நான்கு பேருக்குப் பேச ஒன்றுமிருக்காது. பந்து எல்லாரிடமும் வந்துபோகும் ஆட்டத்தில் எல்லாரும் பேசியாகவேண்டும். எங்கள் அணியில் ஏற்பட்ட பெரிய மாற்றம் அந்தச் சத்தம்தான் என்று இப்போதும் தோன்றுகிறது.

*

2002ஆம் ஆண்டு நாடெங்கும் தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டு. எங்கள் வறண்ட சீமை நம்பியிருப்பது வடகிழக்குப் பருவத்தைத்தான் என்றாலும், ஊரில் ஏற்கெனவே கலக்கம். நெசவிலும் கூலி சரியில்லை. உயரமானவன் கடைசி ஆண்டில் இருந்தான். ஒரு மாலை, பயிற்சி முடிந்து நாங்களெல்லாம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அவன் பயிற்சியாளரிடம் போனான். அவன் மெதுவாகப் பேசத் தெரியாதவன். ஆகவே எல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"சார், எனக்குப் பாயிண்ட் வேணும் சார்."

"இப்ப நல்லாத்தானே ஆடுற தம்பி?"

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா ஒரு மேட்சுக்குப் பத்துதான் வருது. முன்னாடி இருபத்தஞ்சு வரும். யுனிவர்சிட்டி டீம்ல எடுக்கிறவங்க இருபத்தஞ்சத்தான் சார் பாப்பாங்க. எனக்கு ஃபார்ம் மூணு வேணும் சார்."

படிவம் 3 என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு: மத்திய அரசு வேலைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர் தரவேண்டிய சான்றிதழ்கள் எண்ணிடப்பட்ட படிவங்களாக உள்ளன. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காக ஆடியவருக்கு 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு 3. தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலத்தின் பள்ளிகளுக்காக ஆடியவருக்கு 4. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது அந்த மூன்று ஒன்றுதான். ரயில்வே, வங்கி, காவல்துறை என்று சென்னையில் கூடைப்பந்து அணி வைத்திருந்த நிறுவனங்களின் பெயர்களெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். தறிக்குழியிலிருந்து ஏறிவருவதற்கு அவன் கண்ட ஏணி அது.

பயிற்சியாளர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "பந்து உங்கிட்ட வரும்போது நீ போடு. வேற ஒருத்தன் சும்மா நின்னா அவனுக்குக் குடு. இத மாத்திச் சொல்ல எனக்குத் தெரியாது தம்பி. உன்னைப் பத்தி எடுக்கிறவங்ககிட்ட நான் பேசுறேன்" என்றார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். அதற்கடுத்த பயிற்சிகளில் அவன் ஒருமுறைகூடப் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. அதுதான் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவன் முரண்டுபிடித்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

அந்த ஆண்டுக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதியாட்டம்வரை போனோம். எங்களுக்குத் தெரிந்து எங்கள் கல்லூரி அதற்குமுன் அந்தப் படியை மிதித்ததில்லை. அரையிறுதியில் எதிரணியினர் வழக்கம்போல் மூன்று பேரை உயரமானவன்மேல் ஏவினார்கள். அவன் மூன்று பேரையும் தன்னோடு ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், மறுமூலையில் தனியாக நின்றவனுக்குப் பந்தைக் கொடுத்தான். திரும்பத் திரும்ப அதையே செய்தான். இறுதியாட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றோம். நோட்டுப்புத்தகத்தின்படி அந்த இரண்டு ஆட்டங்களிலும் அவன் கொடுத்த கடைசிப் பந்துகள் பதினேழு. புள்ளித்தாளின்படி அவன் போட்டவை இருபத்தொன்று, இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து.

பயிற்சியாளர் சொன்னபடியே தேர்வாளர்களிடம் பேசினார். நோட்டை விரித்துக் காட்டினார். அவர்களும் மரியாதையாகப் பார்த்தார்கள். பல்கலைக்கழக அணியில் எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவன் இடம்பெற்றான். அது திருச்சுழிப் பையன். எட்டு விநாடிக்குள் பந்தைக் கடத்த ஆள் தேவைப்பட்டது அவர்களுக்கு. உயரமானவன் பெயர் காத்திருப்போர் பட்டியலில் வந்தது. காத்திருப்போர் ரயிலேறுவதில்லை, ரயிலேறாதவர்க்குப் படிவமும் இல்லை.

*

இந்திய அணியிலும் இதற்கொப்பான ஒரு மாற்றம் பின்னாளில் நடந்தது. 2011இல் கென்னி நாட், 2012இல் ஸ்காட் ஃபிளெமிங் என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஃபிளெமிங் அமெரிக்கக் கல்லூரி அணிகளைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவர். 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் அவருடைய அணி சீனாவை 65-58 என்று வென்றது. அதற்குமுன் இந்தியா சீனாவை வென்றதே கிடையாது. அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் முதலியோர் ஆடிய அந்த ஆட்டத்தின் முடிவைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி தனி. சீனாவை 58 புள்ளிகளில் நிறுத்துவது ஒருவன் செய்யக்கூடிய காரியமன்று.

ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. இந்தியாவுக்காக ஆடுகிறவர்களில் பலர் ரயில்வேயிலோ காவல்துறையிலோ பொதுத்துறை நிறுவனங்களிலோ வேலை கிடைத்த பிறகு ஆடுகிறவர்கள். விசேஷ் பிருகுவன்ஷி ஓ.என்.ஜி.சி.க்காக ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற நம் சென்னையின் பி.அனிதா தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். தகுதியால் பெற்ற வேலைகள் அவை, அதில் ஐயமில்லை. ஆயினும், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் ஒருவரிடம் "பந்தைப் பகிர்ந்துகொள்" என்று சொல்வதும், படிவத்துக்காகப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுத் தறிக்காரர் மகனிடம் அதையே சொல்வதும் ஒன்றல்ல. முன்னவருக்கு அது ஆட்டமுறை. பின்னவனுக்கு அது தானம்.

அப்படியானால் பயிற்சியாளர் செய்தது அநியாயமா? எங்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பழைய முறையே நீடித்திருந்தால் திருச்சுழிப் பையன் பெஞ்சிலேயே படிப்பை முடித்திருப்பான். இன்று அவன் மத்திய அரசு ஊழியன். தங்கைகள் இருவரைக் கரையேற்றியவன். பழைய முறையில் உயரமானவன் நிச்சயம் எடுக்கப்பட்டிருப்பான் என்பதற்கும் உறுதியில்லை. 24 விநாடி ஆட்டத்தில் அவனுக்காகக் காத்திருக்க யாருக்கு நேரமிருந்திருக்கும்? பயிற்சியாளருக்கு இதில் லாபமும் ஒன்றுமில்லை. தற்காலிகப் பணி அடுத்த ஆண்டு நீட்டிக்கப்படவில்லை. அவரும் வேறு ஊர் போனார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம். ஆட்டம் எதற்காக என்று அறிந்தவர்களுக்கு வெற்றிக்கணக்கு எப்போதும் துணைநிற்பதில்லை.

எங்கள் வருத்தமெல்லாம் அந்தப் புள்ளித்தாளின்மீதுதான். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறோம். பிறகு ஒற்றைப் பெயரைக் கேட்கும் தாளைக்கொண்டு அவர்களை அளக்கிறோம். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு இன்று 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரி ஆட்டங்களைக் கைபேசியில் படம்பிடித்து, யார் யாருக்குக் கொடுத்தான் என்று எண்ணிவிடவும் முடிகிறது. எண்ணுவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவே. ஒரு தற்காலிகப் பயிற்சியாளர் நாற்பது பக்க நோட்டில் அதைச் செய்தார்.

உயரமானவன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளன். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கூடுவோம். ஒருமுறை எங்களில் ஒருவர் அவனிடம் நேராகவே கேட்டுவிட்டார், அந்த ஆட்டமுறைமீது கோபமில்லையா என்று.

"நல்ல ஆட்டம்டா அது" என்றான். "அந்த மாதிரி நான் அதுக்கு முந்தியும் ஆடல, பிந்தியும் ஆடல. ஆனா எனக்கு அந்த ஃபார்மும் வேண்டியிருந்துச்சு. ரெண்டும் நெசம்தான்."

திருச்சுழிக்காரனும் அங்கே இருந்தான். ஒன்றும் சொல்லாமல் அவனுடைய இலையில் இன்னொரு புரோட்டாவை எடுத்து வைத்தான்.